வீட்டு விறகுக்கு மிஷின் வாள் வாங்கப் போகிறீர்களா?



லயத்துப் பக்கம் போனால் முன்பெல்லாம் தண்ணீர் பைப், கூரைத் தகரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று இவற்றைத்தான் என்னிடம் கேட்பார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ஐயா, விறகு வெட்ட செயின்சோ ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். எது நல்லது?" மூன்று டிவிஷனில் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். 2022 ஏப்ரல் மாதம் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அப்போது நமது நாட்சம்பளம் 1,000 ரூபா. அஞ்சு நாள் பேர் விழுந்தால்தான் ஒரு சிலிண்டர். அதையும் காசைக் கையில் வைத்துக்கொண்டு டவுனில் வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டியிருந்தது. கேஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளும் அதைத் துணி போட்டு மூடிவிட்டு விறகு அடுப்புக்குத் திரும்பின. பிறகு விலை இறங்கியது. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. வீட்டில் எப்போதும் நாலு கட்டு விறகு இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அது நல்ல எண்ணம்தான். ஆனால் விறகு வேண்டும் என்பதும் செயின்சோ வேண்டும் என்பதும் ஒன்றல்ல. கடைக்குப் போவதற்கு முன்னால் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

முதலில் உங்கள் விறகைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் போய், போன மாதம் எரித்த விறகு எது என்று பாருங்கள். கவ்வாத்து மலையிலிருந்து வந்த மிலாறு என்றால் கத்தி போதும். அதற்கு வேறு ஆயுதமே தேவையில்லை. சவுக்கு மரத்துக் கிளை, அல்பீசியா கிளை, காற்றில் முறிந்து விழுந்த கொப்பு என்றால் அது கை மொத்தம், மிஞ்சினால் தொடை மொத்தம் இருக்கும். அதற்குக் கைவாள் போதும். டர்பன்டைன் மாதிரிப் பெரிய மரத்து அடிக்கட்டையைத் துண்டு போட்டு எடுக்கிற வீடுகளுக்குத்தான் மிஷினைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் இருக்கிறது.

வாள் எதற்கு, கோடாலி இருக்கிறதே என்று பெரியவர்கள் கேட்பார்கள். கட்டையைப் பிளப்பதற்குக் கோடாலியை மிஞ்சிய ஆயுதம் கிடையாது. ஆனால் குறுக்கே வெட்டும்போது கோடாலி மரத்தில் ஒரு பங்கைச் சிராய்களாக்கிச் சிதறடித்துவிடும். துண்டும் ஒரே அளவில் வராது. பச்சை மரத்தின் எடையில் பாதிக்குக் கிட்ட தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் வெட்டு முகத்தின் வழியாகத்தான் வெளியே போகும். நாலடிக் கொப்பாகப் போட்டு வைத்தால் மழைக்காலம் முழுக்க ஈரமாகவே கிடக்கும். ஒரு அடித் துண்டாக அறுத்து, இரண்டாகப் பிளந்து, கல்லின்மேல் அடுக்கி, மேலே தகரம் போட்டு, பக்கங்களில் காற்றுப் போக விட்டால் சீக்கிரம் காயும். ஈர விறகை எரித்தால் அதில் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைக்கவே நெருப்பில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் புகையாகி அம்மாவின் கண்ணுக்கும் கைப்பிள்ளையின் நெஞ்சுக்கும்தான் போகிறது. ஆகவே விறகை ஒரே அளவில், சின்னதாக, முன்கூட்டியே அறுத்து வைப்பது வீட்டுக்கு மிகவும் பிரயோசனமான வேலை. அதற்கு வாள் வேண்டும். எந்த வாள் என்பதுதான் கேள்வி.

வில்வாளை லேசாக நினைக்காதீர்கள்

வளைந்த இரும்புக் குழாயில் பிளேட்டை இழுத்து மாட்டியிருக்குமே, அதுதான் வில்வாள். டவுனில் எந்த இரும்புக் கடையிலும் இருக்கும். 21 அங்குலம், 24 அங்குலம், 30 அங்குலம் என்று அளவுகள் உண்டு. ஒருவர் தனியாக இழுப்பதற்கு 21 அல்லது 24 போதும். 30 அங்குலம் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க வசதியாக இருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பிளேட் இரண்டு ரகம். ஒரு ரகத்தில் பல் எல்லாம் ஒரே மாதிரி முக்கோணமாக வரிசையாக இருக்கும். அது காய்ந்த மரத்துக்கு. இன்னொரு ரகத்தில் நாலைந்து பல்லுக்கு ஒருதரம் நுனி இரண்டாகப் பிரிந்த ஒரு பல்லும் பக்கத்தில் ஆழமான இடைவெளியும் இருக்கும். அது பச்சை மரத்துக்கு. பச்சை மரத்தின் தூள் ஈரமாக நார் நாராக வரும். அந்த இடைவெளிதான் அதை வெளியே இழுத்துப் போடும். காய்ந்த மரத்துப் பிளேட்டைப் பச்சைச் சவுக்கில் போட்டால் நாலு இழுவையில் தூள் அடைத்துக்கொண்டு வாள் இறுகிவிடும். "இந்த வாள் சரியில்லை, மிஷின்தான் வாங்கணும்" என்று சொல்கிற பல வீடுகளில் பிழை வாளில் இல்லை, பிளேட்டில்தான். இரண்டு ரகத்திலும் ஒவ்வொன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் செயின்சோ விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பல்லின் நுனி மட்டும் நீலமாகவோ கறுப்பாகவோ இருந்தால் அது சூடு காட்டிக் கெட்டியாக்கிய பல். நீண்ட நாள் வெட்டும், ஆனால் அரம் போட முடியாது. மழுங்கினால் புதிய பிளேட்தான். பிளேட் நன்றாக இழுபட்டிருக்க வேண்டும். விரலால் சுண்டினால் "டிங்" என்று சத்தம் வரவேண்டும். தளர்ந்த பிளேட் கோணலாகத்தான் வெட்டும்.

கூடவே ஒரு மரக்குதிரை செய்துகொள்ளுங்கள். இரண்டு கட்டையைப் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்காக அடித்து, அதேபோல் இன்னொன்றும் செய்து இரண்டையும் ஒரு சட்டத்தால் இணைத்தால் முடிந்தது. மரத்தை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்து அறுத்தால் முதுகு பிழைக்கும். நாள் முழுக்கக் கூடை சுமந்துவிட்டு வருகிற அக்காமார்தான் பல வீடுகளில் விறகும் வெட்டுகிறார்கள். அவர்கள் குனிந்து அறுக்காமல் இருப்பதற்காகவாவது இதைச் செய்து கொடுங்கள்.

மிஷின்தான் வேண்டும் என்றால்

நாலைந்து வீடு சேர்ந்து அடிக்கட்டை எடுக்கிறீர்கள், வருஷத்துக்கு ஒரு லோட் அளவுக்கு விறகு அறுக்க வேண்டியிருக்கிறது என்றால் மிஷின் வாங்குவதில் நியாயம் உண்டு. நான் எந்தக் கடைக்கும் ஏஜென்ட் இல்லை. ஆகவே எந்தப் பெயர் என்பதைவிட எதைப் பார்த்து வாங்குவது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வருஷம் ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டது. அப்பா ஓய்வு பெற்று சேமலாப நிதிக் காசு கைக்கு வந்திருந்தது. கொழும்பில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய மூத்த மகனுக்கு மிஷின் ஆசை. டவுனில் ஒரு கடையில் பார்த்துவிட்டும் வந்துவிட்டான்.

"58 சீ.சீ., 22 இஞ்சி பார் ஐயா. பெரிய மரத்தையே சாய்ச்சிடும். வெலையும் கொறவு."

"தம்பி, நீங்க அறுக்கிற கட்டை எவ்வளவு மொத்தம்?"

பையன் கையை விரித்துக் காட்டினான். எட்டு அங்குலம் இருக்கும், மிஞ்சினால் பத்து.

அவனுடைய அம்மா பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். "அந்த மிஷினத் தூக்கிக்கிட்டு இந்தப் படி எல்லாம் யாரு ஏறுறது? அப்பாவாலயும் தூக்க முடியாது, என்னாலயும் முடியாது" என்றார். கடைக்காரர் சொல்லாத உண்மையை அந்த அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

சங்கிலி ஓடுகிற அந்த நீண்ட இரும்புப் பட்டையைத்தான் "பார்" என்கிறோம். பார் நீளமாக இருந்தால் வாள் பலமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பலம் இஞ்சினில் இருக்கிறது. பார் நீளம் என்பது எவ்வளவு மொத்தமான மரத்தை ஒரே பக்கத்திலிருந்து அறுக்கலாம் என்பதற்கான கணக்கு மட்டும்தான். அறுக்கப் போகிற மரத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். பத்து அங்குலக் கட்டைக்கு 12 அல்லது 14 அங்குல பார் தாராளம். எப்படிப் பார்த்தாலும் வீட்டு விறகுக்கு 16 அங்குலத்துக்கு மேல் தேவை வராது. இஞ்சின் 30 முதல் 40 சீ.சீ. வரை இருந்தால் போதும். அந்த அளவு மிஷின் ஒன்று பாரும் செயினும் இல்லாமல் ஏறக்குறைய நாலு முதல் ஐந்து கிலோ வரும். உதாரணத்துக்கு ஸ்டில் கம்பனியின் எம்.எஸ். 170 என்ற சின்ன மிஷின் 30 சீ.சீ. அளவு, நாலு கிலோவுக்குக் கிட்ட. பெரிய மரம் சாய்க்கிற மிஷின்கள் 70 சீ.சீ.யைத் தாண்டும். அது மரம் வெட்டுகிற கொந்தரப்புக்காரர்களின் ஆயுதம். வீட்டுக்கு வேண்டாம்.

குறைந்த விலையில் 5200, 5800 என்று நம்பர் எழுதி நீண்ட பாரோடு வருகிற மிஷின்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம். பல பெயரில், பல தரத்தில் வருகின்றன. சிலது நன்றாக ஓடும், சிலது இரண்டாவது மழைக்காலத்தைக் காணாது. வாங்கும் முன் அந்தக் கடையிலேயே இதற்கு செயின் இருக்கிறதா, பார் இருக்கிறதா, கார்பரேட்டர் இருக்கிறதா, இழுக்கிற கயிறு அறுந்தால் யார் போட்டுத் தருவார் என்று கேளுங்கள். "அதெல்லாம் கொழும்பில எடுக்கலாம்" என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ பண்டாரவளையிலோ, உங்களுக்குக் கிட்ட உள்ள டவுனில் பழுது பார்க்கிற ஆள் இல்லாத மிஷின் எவ்வளவு மலிவு என்றாலும் நமக்கு விலை கூடியதுதான்.

உதைப்பு என்றால் என்ன

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். வீட்டில் மிஷின் பிடிக்கப் போகிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

செயின் ஒரு விநாடிக்கு 20 மீற்றர் அளவு வேகத்தில் ஓடுகிறது. பாரின் அடிப்பக்கத்தால் அறுக்கும்போது அது மிஷினை மரத்தை நோக்கி இழுக்கும். மேல்பக்கத்தால் அறுத்தால் உங்களை நோக்கித் தள்ளும். இந்த இரண்டையும் கையால் தாங்கலாம். ஆனால் பாரின் மூக்கில், அதாவது நுனியின் மேல்பாதியில், ஏதாவது ஒரு கட்டை பட்டுவிட்டால் செயினால் அதை அறுத்துக்கொண்டு போக முடியாது. முழு வேகமும் பாரின் மேல் திரும்பும். பார் மேலே எகிறி, அறுக்கிறவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் நேராக வரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இதைத்தான் உதைப்பு என்கிறோம். எவ்வளவு பலசாலி என்றாலும் அந்த நேரத்தில் கையால் தடுக்க முடியாது. நீண்ட பார் என்றால் மூக்கு உங்கள் கண்ணிலிருந்து தூரம் போய்விடும். விறகுக் குவியலுக்குள் அது எந்தக் கட்டையில் முட்டுகிறது என்று தெரியாது. சின்ன பார் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு விலையோ பாரமோ மட்டும் காரணமில்லை. இதுதான் பெரிய காரணம்.

ஆகவே கடையில் பார்க்க வேண்டிய முதல் சாமான் செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு நிற்கும். வெறும் பிளாஸ்டிக் மறைப்பு என்று நினைக்காதீர்கள். உதைப்பு வரும்போது இடது கை அதில் பட்டோ, அந்த அதிர்ச்சியாலேயோ பிரேக் விழுந்து செயின் நின்றுவிட வேண்டும். இஞ்சினை நிறுத்திவிட்டு அந்தத் தடுப்பை முன்னால் தள்ளுங்கள். "டக்" என்று விழ வேண்டும். பிறகு கையில் தடித்த துணி சுற்றிக்கொண்டு செயினை இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. தடுப்பைப் பின்னால் இழுத்தால் செயின் லேசாக ஓட வேண்டும். இது வேலை செய்யாத மிஷினை, சும்மா கொடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

வேறு சிலதையும் பாருங்கள். பின் கைப்பிடியின் மேலே ஒரு பூட்டு இருக்கும். உள்ளங்கை அதை அழுத்தினால்தான் விசை இழுபட வேண்டும். அறுந்த செயின் பின்னால் வீசாமல் பிடிக்க, செயினுக்குக் கீழே ஒரு சின்னக் கொக்கி இருக்க வேண்டும். கைப்பிடிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங்கோ ரப்பரோ இருக்க வேண்டும். அது இல்லாத மிஷினைப் பல வருஷம் பிடித்தால் விரல் வெளுத்து மரத்துப்போகிற வியாதி வரும். குளிர் அதை இன்னும் கூட்டும். நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் இதைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கிறவருக்கு விரல்தானே சோறு போடுகிறது.

பழைய மிஷின் வாங்குகிறவர்களுக்கு

பழைய மிஷின் எல்லாம் மோசமில்லை. நல்ல கம்பனியின் பழைய மிஷின், பெயர் தெரியாத புதியதைவிட மேல். ஆனால் சோதித்துத்தான் வாங்க வேண்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கயிற்றை மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கையை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். நூல் மாதிரி வழவழவென்று வந்தால் பிஸ்டன் தேய்ந்துவிட்டது. விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பாரைக் கழற்றி விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்து மற்றப் பக்கம் உயர்ந்திருந்தால் நேராக அறுக்காது. செயினைச் சுற்றுகிற ஸ்ப்ரொக்கட்டில் ஆழமான தேய்மானம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். கடைசியாக மிஷினை ஓட்டி, பார் நுனியை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு மேலே கொஞ்சம் தள்ளிப் பிடித்து வேகம் கொடுக்கச் சொல்லுங்கள். கடதாசியில் ஒயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் செயினுக்கு ஒயில் போகவில்லை. அப்படி ஓடிய பாரும் செயினும் கருகியிருக்கும்.

கரண்ட் மிஷினும் பற்றரி மிஷினும்

கரண்டில் ஓடுகிற செயின்சோ மலிவாகத்தான் கிடைக்கிறது. பெரும்பாலும் 2,000 வாட்ஸ் அளவு இழுக்கும். லயத்து வயரிங் பல இடங்களில் இரண்டு பல்புக்கும் ஒரு ரீவிக்கும் போட்டது. அதிலிருந்து நீண்ட வயர் இழுத்து, ஈரத் தரையில், மழைத்தூறலில், வயரை அறுக்கக்கூடிய ஒரு மிஷினை ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பற்றரி மிஷின் நல்ல சாமான். சத்தம் குறைவு, புகை இல்லை, பெற்றோல் வேண்டாம். சின்னக் கொப்பு அறுக்க நல்லா இருக்கும். ஆனால் பற்றரி பழுதானால் புதியது மிஷினின் விலையில் பாதிகூட வரலாம். பற்றரி விலையைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

லயத்தில் பெற்றோல்

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை இதுதான். செயின்சோ வந்தால் கூடவே பெற்றோல் கேனும் வரும். லயத்தில் நெருப்புப் பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. கேன் மூடி சரியாக இல்லாவிட்டால் ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து போகும். உங்கள் அடுப்பு அணைந்திருக்கலாம், பக்கத்துக் காம்பரா அடுப்பு எரிந்துகொண்டிருக்குமே.

ஆகவே பெற்றோலை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. வெளியே, வெயில் படாத இடத்தில், பூட்டுப் போட்ட பெட்டியில், இறுக்கமான மூடியுள்ள பெற்றோல் கேனில் வையுங்கள். சோடாப் போத்தலில் வைக்க வேண்டாம். தாகத்தோடு ஓடி வருகிற பிள்ளைக்குப் போத்தலின் நிறம்தான் தெரியும். இஞ்சின் சூடாக இருக்கும்போது ஊற்ற வேண்டாம், பத்து நிமிஷம் ஆறட்டும். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாமல் பத்தடி தள்ளிப் போங்கள். பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வேண்டாம்.

கலவைக் கணக்கு இது. நல்ல டூ ஸ்ட்ரோக் ஒயில் என்றால் பெரும்பாலான புதிய மிஷின்களுக்கு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். சில மிஷின்களுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று. அப்படியென்றால் 40 மில்லிலீற்றர். உங்கள் மிஷினுக்கு எது என்று அதோடு வந்த புத்தகத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். கண்மதிப்பில் ஊற்ற வேண்டாம். ஒயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். கலந்ததை ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், அதனால் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. செயினுக்கு ஊற்ற லொறியிலிருந்து கழற்றிய பழைய ஒயிலை வாங்காதீர்கள். அது அறுக்கும்போது தூறலாகப் பறந்து தோலில் படியும். தொடர்ந்து பட்டால் உடம்புக்குக் கெடுதி.

மிஷினோடு சேர்த்து வாங்க வேண்டியவை

கையில் உள்ள காசு முழுவதையும் மிஷினுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கண்ணாடி, காதுக்கு மறைப்பு, பிடிப்புள்ள பூட்ஸ், தலைக்கவசம் வேண்டும். அத்தோடு காலுக்கு முன்னால் கட்டுகிற செயின்சோ மறைப்பும் வேண்டும். அதன் உள்ளே நீண்ட நார்கள் அடுக்கு அடுக்காக இருக்கும். செயின் பட்டால் அந்த நார் இழுபட்டு ஸ்ப்ரொக்கட்டில் சுற்றி மிஷினை நிறுத்திவிடும். தடித்த ஜீன்ஸ் அந்த வேலையைச் செய்யாது. சிலிப்பரும் சாரமுமாக செயின்சோ பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. இந்தச் சாமான்களுக்குக் காசு போதாது என்றால் மிஷினுக்கும் காசு போதாது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தோட்டத்து வேலையில் அடிபட்டால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு விறகை அறுக்கும்போது காலை அறுத்துக்கொண்டால் அது தோட்டத்து வேலை அல்ல. நட்டஈடு கேட்க வழியில்லை, வேலைக்கும் போக முடியாது. தனியாக அறுக்காதீர்கள், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய ஆள் இருக்கட்டும், பிள்ளைகள் இருக்க வேண்டாம். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. சரிவில் கட்டைக்குக் கீழ்ப்பக்கம் நிற்கக் கூடாது. மரத்தடிக்குப் போனால் ஸ்டார்ட் பண்ணும் முன் தலையை நிமிர்த்திப் பாருங்கள். குளவிக்கூடு இருந்தால் அந்தச் சத்தமும் அதிர்வும் போதும், பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிறவர்களையும் சேர்த்துக் கொட்டும்.

மேலே சொன்ன குடும்பம் கடைசியில் 14 அங்குல பாரோடு ஒரு சின்ன மிஷின் எடுத்தது. அதுவும் தனியாக அல்ல, நாலு வீடு சீட்டுக் கட்டி. மகன் முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். பிறகு பழுது பார்க்கிற கெரேஜில் இரண்டு நாள் நின்று செயினுக்கு அரம் போடப் பழகிக்கொண்டான். சின்ன மிஷின்களின் செயினுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் உருண்டை அரம். பல்லில் போட்டிருக்கிற சாய்வுக் கோட்டைப் பார்த்து, உள்ளிருந்து வெளியே, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ள வேண்டும். செயின் கூராக இருந்தால் சின்னச் சின்னச் சீவலாக வரும். மாவு மாதிரித் தூள் வந்தால் மழுங்கிவிட்டது. அப்போது பலம் கொடுத்து அழுத்தாமல் நிறுத்தி அரம் போடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி அறுக்கிறபோதுதான் மிஷின் கையை மீறும்.

காகிதங்கள்

2019ஆம் ஆண்டு செயின்சோ வைத்திருக்கிற எல்லாரும் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்து, பொலிஸ் நிலையங்களில் பதிவு நடந்தது. காட்டு மரம் களவு போவதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆகவே காசு கொடுக்கும் முன் உங்கள் பகுதிப் பொலிஸில் இப்போதைய நடைமுறை என்ன என்று கேட்டுவிடுங்கள். பழைய மிஷின் என்றால் விற்கிறவரிடம் பதிவுக் காகிதத்தைக் கேளுங்கள். காகிதம் இல்லாத மிஷின் யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

தோட்டத்தில் நிற்கிற மரம், அது விழுந்து கிடந்தாலும் சரி, நிர்வாகத்தின் மரம். ஒபிஸில் துண்டு வாங்கிய பிறகுதான் வாள் வைக்கலாம். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் நீங்களே நட்ட பலா என்றாலும் அதே சட்டம்தான். வாங்கிய பில், பதிவுக் காகிதம், மரத்துக்கு ஒபிஸில் தந்த துண்டு எல்லாவற்றையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற அதே ரங்குப் பெட்டியில் வையுங்கள்.